ஆயுசுக்கும் ஒரு சாக்ஸபோன்

வேண்டாம் சார், மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா குலுங்கும், கீழ வச்சா எவனாவது மிதிப்பான். வடசேரியில ஏறும்போதே கண்டக்டர் ஒரு மொறை மொறைச்சான். முப்பத்தோரு வருசம் போலீஸ்ல இருந்தவனுக்கு அதெல்லாம் ஒரு மொறைப்பா? உங்க முட்டியில இடிச்சா சொல்லுங்க, திருப்பி வச்சுக்கிடுதேன்.

உள்ள என்னன்னு கேக்கணும்போல இருக்கு, கேக்க மாட்டேங்கிய. சாக்ஸபோன் சார். கல்யாண ஊர்வலத்துல பாத்திருப்பிய. ஆனா இது அந்த ஜாதிச் சாமான் இல்ல. இது இங்கிலாந்துல பட்டாளத்துக்குன்னு செஞ்சது. வெள்ளி முலாம். நான் ஆயுசுக்கும்னு தேடி எடுத்தது. இதைப் போயி இன்னைக்கு ஒருத்தன் குத்தம் சொல்லிட்டான். அந்த எரிச்சல்லதான் வாரேன். மதியம் சாப்பிடக்கூட இல்ல.

பேரு ஏசுவடியான். பாளையங்கோட்டை. ஆயுதப்படை பேண்டுல இருந்தேன். துப்பாக்கி தூக்கினதெல்லாம் டிரெய்னிங்கோட சரி. மந்திரி வந்தா வாசிப்போம், சுதந்திர தினத்துக்கு வெயில்ல நின்னு வாசிப்போம், செத்துப்போன போலீஸ்காரனுக்கு வாசிப்போம். முப்பத்தோரு வருசம் ஒரே சாக்ஸபோன். என் எச்சிலும் என் மூச்சும்தான் அதுக்குள்ள. ஆனா எனக்குச் சொந்தமில்ல பாத்துக்கிடுங்க, கவர்மெண்டுக்குச் சொந்தம். ரிட்டையர் ஆன அன்னைக்கு ஸ்டோர்ல ஒப்படைச்சேன். பெல்ட்டு ஒண்ணு, தொப்பி ஒண்ணு, சாக்ஸபோன் ஒண்ணுன்னு ரெஜிஸ்தர்ல எழுதி, இங்கன கையெழுத்துப் போடும்னான். போட்டேன். வெளிய வந்தா, இந்த ரெண்டு கையையும் எங்க வைக்கதுன்னு தெரியல.

வீட்டுக்காரி பேரு எப்சிபா. எப்சின்னு கூப்பிடுவேன். எங்க சர்ச்சுக் கோயில்ல அவதான் கீபோர்டு. முந்தி பெடல் ஆர்மோனியம் இருந்துது, அதை எலி கடிச்ச பெறகு இவ சொந்தக் கீபோர்டுதான் கோயிலுக்கும் போவும். மூணு வீடு தள்ளித்தான் கோயில். ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேரு வந்து தூக்கிட்டுப் போவாங்க. நானும் பேண்டு மாஸ்டர்கிட்ட சொல்லிக்கிட்டு, சனிக்கிழமை அந்தக் கவர்மெண்டு சாக்ஸபோனை வீட்டுக்குக் கொண்டாந்திருவேன். அவ வாசிக்க நான் வாசிக்க, அப்படியே போச்சு காலம். எங்களுக்குப் பிள்ளை குட்டி கெடையாது சார். ரெண்டு பேரும் பேச உக்காந்தா சண்டைதான் வரும். வாசிச்சா வராது. எங்க குடும்பம்னா அதுதான்.

அதனாலதான் சொல்லுதேன், சாக்ஸபோன் எடுக்கது எனக்குச் சும்மா காரியமில்ல. ஒண்ணு எடுக்கணும், அது நான் சாவுற மட்டும் நிக்கணும், அவகூட வாசிக்கணும். எட்டு மாசம் அலைஞ்சேன். மெட்ராசுல ஒரு கடையில புதுசு காட்டினான். தைவான் சாமானாம். மின்னுச்சு. மின்னி என்ன செய்ய? நான் எடுத்ததும் ஒரு டார்ச் லைட்டை உள்ள விட்டுப் பாத்தேன். கடைக்காரன் சிரிச்சான். சிரிக்கட்டும். எல்லா மூடியையும் மூடினா ஒரு பொட்டு வெளிச்சம் வெளிய வரப்பிடாது, அதுதான் கணக்கு. அந்தத் தைவான் தேறிச்சு, பொய் சொல்லக்கூடாது. சுருதியும் சுத்தம். ஆனா கீழ் சுரம் வாசிச்சா வெங்கலப் பானைக்குள்ள பேசுதாப்ல இருந்துது. கூட வந்த எப்சி சொன்னா, "நல்லாத்தான இருக்கு, இதையே எடுங்க"ன்னு. உனக்கென்ன தெரியும், நீ விரலால அமுக்குத, நான் உசிரை ஊதுதேன்னேன். அப்படிப் பேசியிருக்கப்பிடாது. விடுங்க.

பெறகு கொல்லத்துல ஒரு வீட்ல இருக்குன்னு தாக்கல் வந்துது. அவங்க தாத்தா காலத்துல எஸ்டேட் கிளப்புல வாசிச்சதாம். எப்சி நானும் வாரேன்னா. வேண்டாம்னேன். அப்பம் கொயர்காரங்க வச்சிருக்க சுருதிக் குழல் ஒண்ணை, இந்த விரல் நீளம்தான் இருக்கும், என் சட்டைப் பையில போட்டா. "வாங்குறதுக்கு முன்னால இதை ஊதி ஒத்துப் பாத்துக்கிடுங்க"ங்கா. எனக்குக் காது இல்லையான்னு கேட்டேன். எடுத்து டிவி மேல வச்சிட்டுப் போயிட்டேன். நீங்களே சொல்லுங்க சார், முப்பத்தோரு வருசம் வாசிச்சவன் போயி ஊதல் வச்சு ஒத்துப் பாப்பானா? சமையக்காரன் கல்யாண வீட்ல நின்னு, யாராவது உப்பு பாருங்கன்னு கேக்க மாதிரி.

பெட்டியைத் தொறந்தாங்க. நீல வெல்வெட்டு. வெள்ளி லேசாக் கறுத்துக் கெடக்கு. நான் அந்தக் கீழ் சுரத்தை மெதுவா, தூங்குத பிள்ளைகிட்டப் பேசுத மாதிரி ஊதினேன். பேசிச்சு சார். அந்த வீட்டுக் கிழவி அடுக்களையில இருந்து கையத் தொடச்சிக்கிட்டு வந்து நின்னுட்டா. எனக்குக் கண்ணுல தண்ணி. பேரம் பேசல. அன்னைக்கு ரயில்லயும் இப்படித்தான், மடியில வச்சுக்கிட்டு வந்தேன்.

அந்த ஞாயித்துக்கிழமை கோயில்ல வாசிச்சேன். அன்னைக்குப் பிடிச்சது சனி. ரெண்டு வயலின், ஒரு கிடாரு, எப்சி கீபோர்டு, நாலும் என்கூடச் சேரல. ஒரே இரைச்சல். கொயர் மாஸ்டர் ஞானசிகாமணி கையைக் காட்டி நிறுத்தினாரு. "ஏட்டையா, உம்ம சாமான் சுருதி ஏறி நிக்கி, கொஞ்சம் இறக்கும்"னாரு. வாய்க்கட்டையை இழுத்து எவ்வளவு இறக்க முடியுமோ இறக்கினேன். அடியில சரியானா மேல வழுக்கும், மேல சரியானா அடியில வழுக்கும். அப்பம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? நான் ஏறல வே, நீங்க எல்லாரும் இறங்கிக் கெடக்கியன்னேன். அவரு சிரிச்சாரு. நான் பெட்டியை மூடிட்டு வந்திட்டேன். அன்னைலேருந்து கோயில்ல வாசிக்கது இல்ல. பதினோரு வருசம் ஆச்சு.

வீட்ல மட்டும் வாசிப்போம். சாயங்காலம் ஆறு மணின்னு வச்சுக்கிடுவோம்னேன். மொத மாசம் அங்கயும் இதே கதைதான். அவ கீபோர்டு சேரல. எனக்கு ஆத்திரம். முப்பது வருசம் ஒழுங்கா வாசிச்சவளுக்கு, நான் ரிட்டையர் ஆனதும் என்ன கேடு வந்துதுன்னு கத்தினேன். உன் பெட்டி ரிப்பேரு, சரி பண்ணு, இல்லன்னா நீ தனியா வாசி, நான் தனியா வாசிக்கேன்னேன். ஒரு வாரம் நான் பின் ரூம்ல தனியா வாசிச்சேன். அவ முன் ரூம்ல சும்மா உக்காந்திருந்தா.

ஒருநாள் சாயங்காலம் கூப்பிட்டா. "கீபோர்டுல ஒரு சின்னக் கோளாறு இருந்துது, சரி பண்ணியாச்சு, வாங்க"ன்னா. போனேன். வாசிச்சோம். பாலும் பழமும் மாதிரி சேந்துது சார். நான் அப்பமே சொன்னேன்லான்னேன். "ஆமா, நீங்க சொன்னதுதான்"ன்னா. அவ எப்பவும் அப்படித்தான், மொதல்ல கேக்க மாட்டா, பெறகு ஒத்துக்கிடுவா. அன்னைலேருந்து இன்னைவரைக்கும், காய்ச்சல்ல படுத்த நாளைத் தவிர, ஒருநாள் தப்பல. ஆறு மணி ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க டிவி சத்தத்தைக் குறைப்பாங்க.

இது வள்ளியூரா? சரி. பஸ்சு ஆளேத்துத அழகைப் பாத்தியளா, சாயந்தரத்துக்குள்ள போய்ச் சேர்ந்த மாதிரிதான்.

அவளுக்குக் காது மங்கினது வெளிய தெரிஞ்சது பெறகுதான். மூணு வருசம் முன்னால, அறுப்பின் பண்டிகை. பிஷப் வாராரு. காலையிலயே நான் ஒரு புதுக் கீர்த்தனையை எடுத்து வச்சுக்கிட்டு, கோயிலுக்குப் போறதுக்கு முன்னால ஒரு தரம் வாசிச்சிட்டுப் போன்னு அவளை உக்கார வச்சேன். நேரமாச்சு நேரமாச்சுன்னா. நான் விடல. வாசிச்சு முடிக்கதுக்குள்ள கீபோர்டைத் தூக்க ஆளு வந்தாச்சு. கோயில்ல மொதப் பாட்டு ஆரம்பிக்கு, பிஷப் வாசல்லேருந்து நடந்து வாராரு, அங்கன கீபோர்டு ஒரு பக்கம், வயலின் ஒரு பக்கம். கீபோர்டு ஏறி நிக்கி. சுத்தமா ஏறி நிக்கி. நடுவுல நிறுத்த முடியுமா, பிஷப் நடந்துக்கிட்டு இருக்காரு. ஆறு சரணமும் அப்படியே போச்சு. வாலிபப் பிள்ளைகள் பாட்டுப் புஸ்தகத்தை மூஞ்சியில வச்சுக்கிட்டுச் சிரிக்கி. எப்சி மொகத்தைப் பாத்தேன், வெளுத்துப்போச்சு. அடுத்த பாட்டு சரியா இருந்துது. அதுதான் சொல்லுதேனே, ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் இறங்கும், அந்த மாதிரி ஆகிப்போச்சு அவ காது.

புதன்கிழமை கோயில் கமிட்டி கூடி எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. பாதிரி ஐயரு நல்ல மனுசன், இழுத்து இழுத்துப் பேசினாரு. எப்சி எழுந்து, "வயசாயிட்டு ஐயரே, ஞாபகம் தப்பிட்டு"ன்னா. அதோட விட்டிருப்பாங்கன்னு நெனைக்கேன். ஞானசிகாமணி என் பக்கம் திரும்பி, "ஏட்டையா, வீட்ல கேக்கவரு நீரு, நீரு என்ன சொல்லுதீரு"ன்னாரு. எனக்குப் பொய் சொல்ல வராது சார். பெண்டாட்டியா இருந்தா என்ன, யாரா இருந்தா என்ன. எழுந்து நின்னு, கொஞ்ச காலமாவே அவளுக்குக் காது சரியில்ல, நான் ரிட்டையர் ஆன காலத்துலயே ஆரம்பிச்சிட்டு, வெளிய சொல்லாம இருந்தேன்னேன். எப்சி என்னை ஒரு பார்வை பாத்தா. முப்பத்தஞ்சு வருசம் வாசிச்ச எடத்துல இப்பம் ஒரு சின்னப் பொண்ணு வாசிக்கா.

வீட்டுக்கு வரும்போது வழியில கீரை வாங்கினா. ஆறு மணிக்கு உக்காந்தா. அன்னைக்கு வாசிச்சா பாருங்க, ஒரு இழை பிசகல. நான் அதைச் சொல்லவும் செஞ்சேன். கமிட்டியில ஒரு குட்டு வாங்கினதும் காது தெளிஞ்சிட்டு பாத்தியான்னு. சிரிச்சா.

சரி, இன்னைக்கு நடந்ததுக்கு வாரேன். இதுல ஒரு மூடி தேஞ்சு காத்து போகுது. நாகர்கோவில்ல வியாகப்பன்னு ஒருத்தர், இந்தச் சாமான் எல்லாம் பிரிச்சுப் பூட்டுதவரு. போறேன்னு சொன்னதுக்கு எப்சி மூணு நாளா மல்லுக்கு நிக்கா. பார்சல்ல அனுப்பலாமேங்கா. இங்கயே பாக்கலாமேங்கா. காலையில பஸ் ஸ்டாண்டு மட்டும் வந்தா. "மூடியை மட்டும் மாத்திட்டு வாங்க, வேற பேச்சுக் குடுக்காதிய"ங்கா. அவளுக்கென்ன, நான் எங்க போனாலும் வம்பிழுப்பேன்னு நெனைப்பு.

அந்த வியாகப்பன் மூடியை மாத்தினாரு. சுத்தமா மாத்தினாரு. மாத்தி முடிச்சு ஊதிப் பாத்தாரு. மொகம் மாறிச்சு. எழுந்து போயி இன்னொரு சாக்ஸபோனை எடுத்தாந்து, இதுக்குப் பக்கத்துல படுக்க வச்சாரு. "அண்ணாச்சி, பாத்தேளா"ன்னாரு. இது ஒரு கட்டை விரல் அகலம் குட்டையா இருக்கு. "இது பழைய பட்டாளத்துச் சுருதிக்குச் செஞ்சது. அந்தக் காலத்துல அவங்க சுருதியே ஏத்தம். இன்னைக்கு உள்ள எந்த வாத்தியத்தோடயும் இது சேராது. அலமாரியில வைக்கலாம், கூட்டத்துல வாசிக்க முடியாது. இதைக் குடுத்திட்டு வேணும்னா ஒரு நல்லதை எடுத்துக்கிடுங்க"ன்னாரு.

பாத்தியளா வேலையை. வெள்ளிச் சாமானைப் பாத்ததும் ஆசை. நான் விடுவேனா? ஓய், இது எந்த வாத்தியத்தோடயும் சேராதுங்கீரே, பதினோரு வருசமா எங்க வீட்டு கீபோர்டுகூடச் சேருதே, அது எப்படின்னு கேட்டேன். மனுசன் என்னையே பாத்தாரு. "சேருதா? வீட்ல வாசிக்கது யாரு?"ன்னாரு. என் சம்சாரம்னேன். "அப்பம் நீங்க வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி"ன்னுட்டு, கூலிகூட வாங்க மாட்டேன்னுட்டாரு. எப்படி வாங்குவாரு, குட்டு வெளிப்பட்டுப் போச்சுல்லா.

நான் கேட்ட கேள்வி சரிதானே சார்? சேராத சாமான்னா எங்க வீட்ல மட்டும் எப்படிச் சேரும்?

என்ன?

இல்ல, காதுல விழுந்துது. திரும்பச் சொல்லுங்க. உங்க மக கீபோர்டுலயா? சுருதியை ஏத்தி இறக்கலாமா? ஒரு கட்டை ரெண்டு கட்டை ஏத்துவாங்க, அது தெரியும். அது இல்லயா? கால் கட்டை, அரைக்கால் கட்டைன்னு நூல் நூலாவா? பட்டனை அமுக்கினாப் போதுமா? ஆஃப் பண்ணினாலும் அப்படியே நிக்குமா?

...

இல்ல சார், ஒண்ணுமில்ல. தண்ணி வேண்டாம்.

அவ அமுக்குவா. வாசிக்கதுக்கு முன்னால ரெண்டு பட்டன். ஒண்ணை ஒரு தரம், இன்னொண்ணை நாலஞ்சு தரம், வாய்க்குள்ள எண்ணிக்கிட்டு. நான் அங்கன நாக்கை ஈரம் பண்ணிக்கிட்டு நிப்பேன். சீக்கிரம் ஆரம்பின்னு வெரட்டுவேன். வாசிச்சு முடிச்சப்புறமும் அமுக்குவா. என்னத்த நோண்டுதன்னு ஒரு தரம் கேட்டேன். "தூசி"ன்னா.

இப்பம் மூணு வருசமா அமுக்கது இல்ல சார். வந்து உக்காந்ததும் ஆரம்பிச்சிருதா. நான் அதை நெனைச்சுக்கூடப் பாக்கல. இனி என்னத்துக்கு அமுக்கணும்? கோயிலுக்குத்தான் கொண்டு போறது இல்லயே.

அந்த அறுப்பின் பண்டிகை அன்னைக்கு நேரமாச்சு நேரமாச்சுன்னு சொன்னாளே. நான்தான் உக்கார வச்சேன். அவ மாத்தி வைக்கதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டானுவ. எட்டு வருசம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மறக்காம இறக்கி, மறக்காம ஏத்தியிருக்கா, அன்னைக்கு ஒருநாள் நான் விடல. அதுக்குப் பெறகு கமிட்டியில நான் எழுந்து நின்னு... முப்பத்தஞ்சு வருசம் வாசிச்சவளைப் பாத்து... சார், நான் என்ன மனுசன்?

இது நாங்குநேரிதானே. கொஞ்சம் இருங்க, ஒரு போன் போட்டுக்கிடுதேன். இல்ல, இல்ல, நீங்க எழுந்திரிக்க வேண்டாம், இருங்க.

எப்சி. நான்தான். நாங்குநேரி வந்தாச்சு. இடம் கெடச்சுது, உக்காந்துதான் வாரேன். சாப்பிட்டேன். ஆமா, மாத்தியாச்சு, நல்லா மாத்திட்டாரு. ... ஒண்ணும் வம்பிழுக்கல. எப்சி, கேளு. வியாகப்பன் சொல்லிட்டாரு. ... இந்தச் சாமானைப் பத்தித்தான். ... அலோ. இருக்கியா? ... குடுக்கல, மடியிலதான் இருக்கு. குடுக்கலன்னுதேன், நெசமாத்தான். ... உனக்கு எப்பம் தெரியும்? ... சரி. சரி. ஏன் என்கிட்டச் சொல்லல? ... அலோ. எப்சி. சத்தமாச் சொல்லு, பஸ்சு இரையுது.

...

வச்சிட்டா. அடுப்புல உலை கொதிக்காம்.

சொல்லுதேன். அவ மொதல்ல கேட்டது என்ன தெரியுமா, அதை அங்க குடுத்திட்டு வந்திட்டியளான்னு. குடுத்திருந்தா இனி என்ன, நல்லதுதானே, எல்லார்கூடயும் சேருத ஒண்ணு வந்திருக்கும். அவளுக்கு அது தோணல. ரெண்டு தரம் கேட்டா.

எப்பம் தெரியும்னு கேட்டதுக்கு, வாங்கிட்டு வந்த அன்னைக்கே தெரியும்னா. அந்த ஊதலை டிவி மேலேருந்து எடுத்து, நான் குளிக்கப் போன நேரத்துல ஒத்துப் பாத்திருக்கா. தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஒரு மாசம் என்கிட்ட ஏச்சு வாங்கியிருக்கா. பெறகு நான் பின் ரூமுக்குப் போன அந்த ஒரு வாரத்துல, கீபோர்டுகூட வந்த புஸ்தகத்தை எழுத்துக்கூட்டிப் படிச்சு, அந்தப் பட்டனைக் கண்டுபிடிச்சிருக்கா. எட்டாங்கிளாஸ் படிச்சவ சார்.

ஏன் சொல்லலன்னு கேட்டேன். கோவமா ஒண்ணும் சொல்லல. அரிசி தீந்துபோச்சு, வரும்போது வாங்கிட்டு வாங்கன்னு சொல்லுத மாதிரிதான் சொன்னா.

"சொல்லியிருந்தா நீங்க அந்தச் சாக்ஸபோனை விட்டிருக்க மாட்டிய. என்கூட வாசிக்கதைத்தான் விட்டிருப்பிய"ங்கா.

அப்படியெல்லாம் இல்லன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீங்க பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்திய சார், ஒரு வார்த்தை வரல.